மூச்சுக்கும் வருணமா?

"இழுங்கள்! இன்னும் இழுங்கள்! நெஞ்சு நிறைய இழுங்கள்! ம்... ஊதுங்கள்! ஊதுங்கள்! விடாமல் ஊதுங்கள்!"

போர்க்களத்திலே எழும் கட்டளையன்று இது. மருத்துவமனையின் ஒரு மூலையிலே எழும் குரல். மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயிலே குழலைப் பொருத்தி அமர்ந்திருக்கிறார் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். முப்பது ஆண்டுக் காலம் பஞ்சுத் தூசியிடையே நின்றவர்; மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வயிறு முதுகோடு ஒட்ட ஊதுகிறார். ஆறு விநாடி, முடிந்தது. கருவி ஒரு தாளை நீட்டுகிறது. தாளிலே இரண்டு எண்கள். ஒன்று, அவர் ஊதிய காற்றின் அளவு. மற்றொன்று, அவரைப் போன்ற ஒருவர் ஊதியிருக்க வேண்டிய அளவு.

முதல் எண்ணைத் தந்தது அவருடைய நெஞ்சு. இரண்டாவது எண்ணைத் தந்தது யார்?

'அவரைப் போன்ற ஒருவர்' என்றால், எதிலே அவரைப் போன்றவர்? வயதிலா? உயரத்திலா? நிறத்திலா? பிறப்பிலா? முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நாம் திருப்தியோடு திரும்பிவிடுகிறோம். இரண்டாவது எண்ணுக்குள்ளே ஒரு நூற்றாண்டின் கொடுமை ஒளிந்திருந்ததைக் கண்டிட, அந்தக் கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நம் நாட்டிலே மூச்சைப்பற்றிப் பேசாதவர் இல்லை. மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று யோக நூலார் எண்ணிச் சொன்னார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து, கணக்கிலே பெரும் பிழையில்லை. ஆனால் எண்ணிக்கை பார்த்தவர்கள், அந்த மூச்சு ஒன்றிலே எவ்வளவு காற்று போய் வருகிறது என்று அளந்து பார்த்தார்களா? இல்லை. "எழுதிய மூச்சு தீர்ந்துவிட்டது" என்று பிணத்தின் அருகே அமர்ந்து ஆறுதல் கூறிட அந்த எண்ணிக்கை பயன்பட்டது. பிணமாகாமல் காத்திடப் பயன்படவில்லை.

எண்ணுவது வேறு, அளப்பது வேறு. அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

வளர்ந்த ஆண் ஒருவரின் நுரையீரல்கள் இரண்டும் நிறைந்த நிலையிலே ஏறத்தாழ 6 லிட்டர் காற்றைக் கொள்ளும். அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஒரு மூச்சிலே உள்ளே போய் வெளியே வருவது வெறும் அரை லிட்டர். அதற்கு மேலும் முயன்று இழுத்தால் இன்னும் 3 லிட்டர் உள்ளே போகும். இயல்பாக மூச்சு விட்டு முடித்த பின்னரும் அழுத்தி வெளியேற்றினால், இன்னும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வெளியே வரும். எவ்வளவு அழுத்தினாலும் வெளியே வராமல், உள்ளேயே தங்கிவிடுவது ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று. அதை எச்சக் காற்று என்போம்.

குடும்பக் கணக்குப்போல இதை எண்ணிப் பார்க்கலாம். அரை லிட்டர், அன்றாடச் செலவு. மேலே இழுப்பதும் கீழே அழுத்துவதும், ஓடும்போதும் ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் எடுத்துச் செலவிடும் சேமிப்பு. எச்சக் காற்றோ, உயிர் உள்ளவரை கைவைக்க முடியாத வைப்புத் தொகை. அது இல்லாவிடின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே குருதிக்கு உயிர்வளி கிட்டாது. நெஞ்சு நிறைய இழுத்து, முடிந்த மட்டும் ஊதினால் வெளிவருகிறதே, அன்றாடச் செலவும் சேமிப்பும் சேர்ந்த மொத்தம், அதுவே உயிர்ப்புக் கொள்ளளவு. நம் தொழிலாளி ஊதியது அதைத்தான்.

இதை அளந்திட வேண்டும் என்ற எண்ணம் ஒரே நாளிலே பிறந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டிலே இத்தாலியில் வாழ்ந்த பொரெல்லி, ஒரு குழாயின் வழியே நீரை மூச்சால் உறிஞ்சி, நீர் ஏறிய உயரத்தைக் கொண்டு உள்ளே போன காற்றின் அளவைக் கணக்கிட முயன்றார். 1800-இலே ஹம்ப்ரி டேவி, இருபத்தொரு வயது இளைஞர், ஹைட்ரஜன் வாயுவைத் தாமே உள்ளிழுத்து, தம் நெஞ்சிலே தங்கிவிடும் எச்சக் காற்றின் அளவைக் கண்டார். தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார்! 1831-இலே லீட்ஸ் நகரின் மருத்துவர் சார்லஸ் தாக்ரா, எந்தத் தொழில் எந்த நோயைத் தருகிறது என்று ஒரு நூலே எழுதினார். ஆலைத் தூசியை உண்டு வாழும் மக்களின் மூச்சை அளக்கவும் முனைந்தார். மூச்சை அளக்கும் முயற்சி அரண்மனையை நோக்கிப் போகவில்லை, தொழிற்சாலை வாயிலை நோக்கியே வந்தது என்பதை நாம் மனத்திலே குறித்துக் கொள்வோம்.

பின்னர் வந்தார் ஜான் ஹட்சின்சன். 1811-இலே இங்கிலாந்தின் வடபகுதியிலே பிறந்தவர், மருத்துவர், ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கும் மருத்துவராக இருந்தவர். நீர் நிறைந்த தொட்டி. அதனுள்ளே கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம். பாத்திரம் தன் எடையால் அமுங்கிவிடாமல் கப்பி வழியே தொங்கும் எதிர் எடை. குழாய் வழியே ஊதினால் பாத்திரம் மேலே எழும். எழுந்த உயரம் ஊதிய காற்றின் அளவைச் சொல்லும். இதுதான் அவருடைய ஸ்பைரோமீட்டர். மூச்சளவி என்று நாம் கூறலாம். மந்திரமில்லை, மாயமில்லை; தண்ணீர், பாத்திரம், கப்பி.

1846-இலே அவர் வெளியிட்ட ஆய்வு, ஈராயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மூச்சைக் கணக்கெடுத்தது. யார் யார் ஊதினார்கள் தெரியுமா? மாலுமிகள், தீயணைப்போர், காவலர், படைவீரர், அச்சுக் கோப்போர், மற்போர் வீரர், அறச்சாலைகளிலே அண்டிக் கிடந்த ஏழைகள், சீமான்கள். குள்ளர்களும் ஊதினார்கள், நெட்டையர்களும் ஊதினார்கள். சீமானுக்கு ஒரு பாத்திரம், ஏழைக்கு வேறு பாத்திரம் என்று அவர் வைக்கவில்லை. எல்லோரும் ஒரே குழாயிலே ஊதினார்கள்.

கண்டது என்ன? மார்பின் சுற்றளவுக்கும் மூச்சின் அளவுக்கும் நேர்த் தொடர்பில்லை! பரந்த மார்பு, விரிந்த தோள் என்று பாடுகிறோமே, அதை வைத்து நுரையீரலைக் கணிக்க முடியாது. தொடர்பு உயரத்தோடுதான் இருந்தது. 5 அடிக்கும் 6 அடிக்கும் இடையே, உயரம் ஓர் அங்குலம் கூடக் கூட, உயிர்ப்புக் கொள்ளளவு 8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 130 மில்லிலிட்டர் கூடியது. வயது ஏற ஏறக் குறைந்தது. ஆக, ஒருவருடைய உயரமும் வயதும் தெரிந்தால், அவர் இவ்வளவு ஊதவேண்டும் என்று சொல்லலாம். அதைவிட மிகக் குறைந்தால், நெஞ்சிலே நோய் நுழைந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு ஒரு மனிதர் சான்றானார். சார்லஸ் பிரீமன் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்த குத்துச்சண்டை வீரர். 7 அடியை நெருங்கிய உயரம். 1842-இலே ஹட்சின்சனின் கருவியிலே 434 கன அங்குலம் ஊதினார். 7 லிட்டருக்கும் மேல்! ஈராண்டு கழித்து வந்து ஊதியபோது, அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. 1845-இலே காசநோய் அவரை மாய்த்தது. கண்ணுக்கு மலைபோல் தெரிந்த உடலுக்குள்ளே கரையான் அரிப்பதைத் தண்ணீரும் பாத்திரமும் முன்னதாகவே காட்டிவிட்டன. காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த அந்த நாளிலே, நோயை முன்கூட்டி அறிவது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் ஹட்சின்சனின் கருவி எல்லாவற்றையும் அறிந்ததன்று. ஊதி வெளிவரும் காற்றைத்தான் அது அளக்கும். உள்ளே தங்கும் எச்சக் காற்றை அளக்காது. அதற்கு ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து கணக்கிடும் முறை வந்தது. கண்ணாடி அறைக்குள்ளே மனிதரை அமர்த்தி, அழுத்த மாறுதலைக் கொண்டு கணக்கிடும் முறையை 1956-இலே அமெரிக்க ஆய்வாளர்கள் நிலைநாட்டினர். எவ்வளவு ஊதுகிறார் என்பதோடு, எவ்வளவு விரைவாக ஊதுகிறார் என்பதும் முக்கியம் என்பதை 1947-இலே பாரிஸ் நகரின் டிப்னோ எடுத்துக் காட்டினார். நலமுள்ளவர் தம் காற்றிலே ஏறத்தாழ ஐந்திலே நான்கு பங்கை முதல் விநாடியிலேயே வெளியேற்றிவிடுவார். ஆஸ்துமாவாலோ புகையாலோ குழாய்கள் குறுகியவருக்கு அது இயலாது. பத்திலே ஏழு பங்குக்கும் கீழே போய்விடும். குழாய் அடைபட்டிருக்கிறதா, நுரையீரலே சுருங்கியிருக்கிறதா என்று பிரித்தறிய இந்த முதல் விநாடி உதவுகிறது. இன்றும் நம் தொழிலாளியை "வேகமாக ஊதுங்கள்" என்று விரட்டுவதன் காரணம் இதுவே.

இதுவரை, அறிவின் வெற்றி. கருவி கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் நடந்தது என்ன? அதைக் காண்போம்.

கடலின் அக்கரையிலே, அமெரிக்காவின் தென்பகுதியிலே, மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம் அது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776-இலே விடுதலைச் சாசனம் தீட்டிய தாமஸ் ஜெபர்சன், தாமே அடிமைகளை வைத்திருந்தார். 1785-இலே அச்சான தம் நூலிலே, கறுப்பின மக்களின் நுரையீரல் அமைப்பே வேறாக இருக்கலாம் என்று ஐயம் ஒன்றை விதைத்தார். அளந்தா சொன்னார்? அளக்கக் கருவியே இல்லாத காலம்! விதை விழுந்தது, முளைக்கக் காத்திருந்தது.

1851. லூசியானா மாநிலத்து மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் ஓர் அறிக்கை தந்தார். அடிமைகள் தப்பி ஓடுகிறார்களே, ஏன்? விடுதலை வேட்கையாலா? இல்லையாம்! அது ஒரு நோயாம்! அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். மருந்து? சவுக்கு! இதே கார்ட்ரைட்டின் கையிலே மூச்சளவி கிடைத்தது. கறுப்பரின் மூச்சு வெள்ளையரின் மூச்சைவிட 20 விழுக்காடு குறைவு என்றார். குறைவான மூச்சால் அவர்களுடைய குருதி சரிவரத் தூய்மையடைவதில்லை. வலிந்து வேலை வாங்கினால்தான் நெஞ்சு விரிந்து குருதி தூய்மை பெறும். ஆகவே அடிமைத்தனம் அவர்களுக்கு நன்மை என்று வாதம் கட்டினார்!

எப்படி இருக்கிறது? முதுகிலே சவுக்கு, கழுத்திலே விலங்கு, வயிற்றிலே பசி, விடியல் முதல் அந்திவரை பருத்திக் காடு. இப்படி ஒடுக்கப்பட்டவரின் மூச்சை அளந்துவிட்டு, "உன் மூச்சு குறைவு, ஆகவே நீ அடிமையாயிரு" என்றார்கள். வீட்டைக் கொளுத்தியவனே வந்து, "இந்தச் சுவர் இயல்பிலேயே கறுப்பு" என்று தீர்ப்பு எழுதியதுபோல!

1861-இலே மூண்ட உள்நாட்டுப் போர் 1865-இலே முடிந்தது. அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் எண் ஒழியவில்லை. போர்வீரரின் உடலளவுகளைத் திரட்டி, வானநூல் அறிஞர் பெஞ்சமின் கூல்டு 1869-இலே பெரியதோர் ஏட்டை வெளியிட்டார். கறுப்பின வீரரின் மூச்சளவு குறைவு என்று அதிலும் பட்டியல். நேற்றுவரை அடிமையாய் இருந்தவர் என்ன உண்டார், எந்தக் குடிசையிலே உறங்கினார், எந்த நோயிலே உழன்றார் என்பதற்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டார் பிரடெரிக் ஹாப்மன், ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர். 1896-இலே நூல் எழுதி, கறுப்பினமே பிறவிக் குறையால் தேய்ந்து அழியும் என்றார். மூச்சளவும் காசநோய்ச் சாவும் அவர் காட்டிய சான்றுகளுள் முக்கியமானவை.

மறுத்துரைக்க எவரும் எழவில்லையா? எழுந்தனர். ஹவர்டு பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கெல்லி மில்லர், தாமே கறுப்பினத்தவர், மறு ஆண்டிலேயே, 1897-இலே, ஹாப்மனின் கணக்கை ஒவ்வொன்றாக எடுத்து அதன் ஓட்டைகளைக் காட்டினார். 1906-இலே அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து டு பாய்ஸ், கறுப்பின மக்களின் உடல்நலம்பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டார். காசநோயை இனம் தரவில்லை, சமுதாயம் தருகிறது. ஏழையையும் ஏழையையும் ஒப்பிட்டால் இன வேறுபாடு ஏறத்தாழ மறைந்துபோகும் என்பது அவர் கண்ட முடிவு. எண்ணை எண்ணாலேயே வென்றார்கள். ஆனால் வென்றவர்களின் ஏடுகள் அலமாரியிலே உறங்கின. தோற்ற எண் மருத்துவப் பாடநூலிலே குடியேறியது.

இங்கே ஏடு எழுதியவர்கள், முகத்திலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், தொடையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று உடலைக் கூறுபோட்டு உயர்வு தாழ்வு கற்பித்தார்கள். அங்கே நுரையீரலைக் கூறுபோட்டார்கள். சுலோகம் வேறு, கருவி வேறு. சொன்ன செய்தி ஒன்றே: நீ தாழ்ந்திருப்பது பிறப்பால், எங்களால் அன்று!

20-ஆம் நூற்றாண்டிலே இந்தச் செய்தி மரியாதையான வேடம் புனைந்தது. 'திருத்தம்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. வெள்ளையருக்கு எதிர்பார்ப்பு அளவு இவ்வளவு. கறுப்பராயின் அதிலே 10 முதல் 15 விழுக்காடு கழி. ஆசியராயின் 4 முதல் 6 விழுக்காடு கழி. கருவிக்குள்ளேயே இந்தக் கழித்தலைப் பொதிந்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் போதும். கழித்தது ஊதியவருக்கும் தெரியாது, பல வேளைகளிலே ஊதச் சொன்னவருக்கும் தெரியாது.

சிறிய கழித்தல்தானே, அதனால் என்ன கேடு என்பீர்களா? கணக்குப் போட்டே பார்ப்போம். இரு தொழிலாளர், ஒரே ஆலை, ஒரே வயது, ஒரே உயரம், ஒரே தூசி. இருவரும் ஊதியது 3 லிட்டர். எதிர்பார்ப்பு 4 லிட்டர். வெள்ளைத் தொழிலாளிக்கு 4-க்கு 3 என்றால் 75 விழுக்காடு. எண்பதுக்குக் கீழே போனால் குறை என்பது நெடுநாள் வழக்கு. ஆகவே, நுரையீரல் கெட்டுவிட்டது. மருத்துவம் செய், இழப்பீடு கொடு. கறுப்புத் தொழிலாளிக்கோ 4 லிட்டரிலே 15 விழுக்காடு கழித்து, எதிர்பார்ப்பு 3.4 லிட்டர். 3.4-க்கு 3 என்றால் 88 விழுக்காடு. ஆகவே, நலம்! வீட்டுக்குப் போ!

ஒரே நெஞ்சடைப்பு, ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இயல்பு! முதல் எண் பொய் சொல்லவில்லை. இரண்டாவது எண்தான் சொன்னது.

கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டா. 1978-இலே அமெரிக்க அரசு பஞ்சுத் தூசிக்கென வகுத்த தொழிலாளர் பாதுகாப்பு விதியிலேயே, கறுப்பினத் தொழிலாளரின் எதிர்பார்ப்பு அளவை 0.85-ஆல் பெருக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. 1999-இலே பால்டிமோர் நகர நீதிமன்றத்திலே, கல்நார்ப் பொருள் செய்த நிறுவனம் ஒன்று, நுரையீரல் கெட்ட கறுப்பினத் தொழிலாளர் வழக்காட வேண்டுமாயின் வெள்ளையரைவிடக் கீழான மூச்சளவைக் காட்டட்டும் என்று வாதாடியது. அதாவது, கறுப்பர் இன்னும் கொஞ்சம் செத்துவிட்டு வரட்டும் என்றது! நீதிபதி அதை ஏற்க மறுத்தார் என்பது மனித குலத்துக்கு ஆறுதல்.

"ஆனால், அளந்து பார்த்தால் சராசரியிலே வேறுபாடு இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. மறைப்பது பகுத்தறிவாளர் வேலையன்று. நம்மவரின் மூச்சையே எடுத்துக்கொள்வோம். 1930-களின் தொடக்கத்திலேயே தென்னிந்திய மாணவரின் உயிர்ப்புக் கொள்ளளவை அளந்து, மேனாட்டாரின் அளவைவிடக் குறைவு என்று எழுதினார்கள். 2013-இலே வெளியான ஆய்வு ஒன்று 17 நாடுகளிலே புகை பிடிக்காத மக்களின் மூச்சை அளந்தது. முதல் விநாடியிலே ஊதும் அளவு, வட அமெரிக்க, ஐரோப்பிய மக்களைவிடத் தெற்காசியருக்கு ஏறத்தாழ 31 விழுக்காடு குறைவு என்று கண்டது. வேறுபாடு உண்மை. காரணம் எது என்பதிலேதான் அறிவும் மடமையும் பிரிகின்றன.

உடலமைப்பிலே ஒரு பகுதி இருக்கலாம். ஒரே உயரமுள்ள இருவரிலே ஒருவருக்குக் கால் நீளமாகவும் உடம்பு குறுகலாகவும் இருந்தால், நெஞ்சுக்கூட்டிலே இடம் குறையும். ஆனால் அது முழு விடையன்று. 2015-இலே வெளியான ஆய்வு ஒன்று இந்தியக் குழந்தைகளை ஊதச் சொல்லிப் பார்த்தது. நகரத்துக் குழந்தைகளின் மூச்சளவு, பிரிட்டனிலே வளரும் இந்திய வழிக் குழந்தைகளின் அளவை ஒத்திருந்தது. சிற்றூர்க் குழந்தைகளின் அளவோ அதைவிடக் குறைந்திருந்தது. பிறப்பு ஒன்றே, வாழ்வு வேறு! அமெரிக்காவிலேயே பிறந்த இந்திய வழியினரின் அளவு, இங்கிருந்து குடியேறியவர்களின் அளவைவிட மிகுதி என்று 2010-இலே வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளையரின் அளவை அது இன்னும் எட்டவில்லை என்பதையும் அந்த ஆய்வே கூறியது. ஒரு தலைமுறையிலே கூடியது எவ்வளவு, இன்னும் கூடக்கூடியது எவ்வளவு என்று தேடுவதே அறிவியல். "இவர்கள் பிறவி இப்படி" என்று ஏட்டை மூடிவிடுவது, தலையெழுத்து என்பதற்கு மறுபெயர்.

நுரையீரல் பிறந்த அன்றே முழுமை பெற்றுவிடுவதில்லை. தாயின் வயிற்றிலே தொடங்கி இருபது வயதைத் தாண்டியும் அது வளர்கிறது. கருவுற்ற தாய்க்குப் போதிய உணவில்லை. பிறந்த குழந்தைக்கு எடையில்லை. சன்னலில்லாத குடிசையிலே விறகடுப்பின் புகை. பள்ளிக்குப் போகவேண்டிய வயதிலே பட்டறைத் தூசி. இத்தனையும் நெஞ்சுக்குள்ளே போய் எழுதிவிடுகின்றன. அந்த எழுத்தைப் படித்துவிட்டு, "இது பிரமன் எழுதியது" என்றால் நாம் சிரிப்போம். "இது இனம் எழுதியது" என்று கருவி சொன்னால் மட்டும் கைகட்டி நிற்பதா? நுரையீரலையும் இனத்தையும் இணைத்து 1922 முதல் 2008 வரை வெளியான 226 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவை இனத்தோடு வறுமையையும் சேர்த்து வைத்து ஆராயவே இல்லை! இனம் என்றால் என்ன என்று வரையறுத்தவையே சில.

காலம் மெல்லத் திரும்பிற்று. 2012-இலே உலக நுரையீரல் ஆய்வுக் குழு ஒன்று, 26 நாடுகளின் 74,000-க்கு மேற்பட்டவர்களின் அளவுகளைத் திரட்டிப் புதிய அட்டவணை வகுத்தது. பெரும் பணி, ஆயினும் அதிலும் இனக் கட்டங்கள் இருந்தன. வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்காசியர், தென்கிழக்காசியர், பிறர். இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. உலக மக்களிலே ஏறத்தாழ நான்கிலே ஒரு பங்கினர், 'பிறர்'! அக்குழுவே 2022-இலே இனக் கட்டங்களை நீக்கிப் பொது அட்டவணை ஒன்றை வகுத்தது. 2023-இலே அமெரிக்க நெஞ்சுநோய் மருத்துவர் சங்கம், இனம் பாராத அளவையே கைக்கொள்ளுமாறு கூறிற்று.

மாற்றத்தின் விளைவு சிறிதா? 2024-இலே வெளியான ஒரு கணிப்பின்படி, இனம் பாராத அளவுக்கு மாறினால் அமெரிக்காவிலே மட்டும் 1 கோடியே 25 இலட்சம் பேரின் மூச்சுக்குறை பற்றிய முடிவு மாறும். முன்னாள் படைவீரருள் கறுப்பினத்தாருக்குச் சேரவேண்டிய ஊன உதவித்தொகை ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கூடக்கூடும். ஒரு கழித்தல் குறி ஏழையின் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு எடுத்திருக்கிறது பாருங்கள்!

ஆனால், வென்றோம் என்று முரசறைந்து உறங்கிவிடவும் முடியாது. அளவு மாறினால் கேடும் வரக்கூடும். நேற்றுவரை 'நலம்' என்று குறிக்கப்பட்டவர் இன்று 'குறை' என்று குறிக்கப்படுகிறார். இழப்பீடு கேட்கையிலே அது அவருக்குத் துணை. வேலை கேட்கையிலே அதுவே தடை. தீயணைப்புப் படையிலே சேர முடியாது என்பார்கள். புற்றுநோய்க்கு நுரையீரலின் ஒரு பகுதியை அறுத்தெடுக்க வேண்டிய நோயாளியை, "உன் மூச்சு போதாது" என்று திருப்பி அனுப்பவும் கூடும். திருத்தத்தை ஆதரித்தவர்களிலே சிலர், கறுப்பருக்கு வேலை மறுக்கப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தாலேயே ஆதரித்ததும் உண்டு. எண்ணை மாற்றினால் மட்டும் நீதி வந்துவிடாது. எண்ணை வைத்து யாருக்கு எதைக் கொடுக்கிறோம், யாரிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். ஒருவருடைய இன்றைய மூச்சை, அவருடைய நேற்றைய மூச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தத் திருத்தமும் வேண்டாத நல்ல வழி. பிரீமனின் நோயைக் காட்டியது அந்த வழிதான்.

ஹட்சின்சன் 1852-இலே இங்கிலாந்தை விட்டு ஆஸ்திரேலியா போனார். பின்னர் பீஜித் தீவுக்குப் போய், 1861-இலே அங்கேயே மாண்டார். அவருடைய தொட்டியிலே எல்லோரும் ஒரே குழாயிலே ஊதினார்கள். அந்தக் குழாயின் மறுமுனையிலே மனிதரைப் பிரிக்கும் சுவரை எழுப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள். கருவியை உடைத்தெறிவதா நம் வேலை? அன்று. கருவி உண்மை சொன்னது. கருவிக்குள் பொய்யைப் புகுத்தியவர்களைக் கண்டறிந்து வெளியேற்றுவதே நம் வேலை. "விஞ்ஞானம் சொல்லிவிட்டது" என்று ஒருவர் சொன்னவுடன் தலையாட்டினால், "சாத்திரம் சொல்லிவிட்டது" என்று தலையாட்டியவருக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? எப்படி அளந்தாய், யாரை அளந்தாய், எதனோடு ஒப்பிட்டாய் என்று கேட்டிடும் துணிவுதான் அறிவியலை அறிவியலாக வைத்திருக்கிறது.

அதோ, நம் தொழிலாளி தாளை மடித்துப் பையிலே வைக்கிறார். முதல் எண் அவருடையது. முப்பது ஆண்டு உழைப்பும் தூசியும் அதிலே இருக்கின்றன. இரண்டாவது எண்ணைப்பற்றி அவர் கேட்கமாட்டார். கேட்கவேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. படித்த இளைஞர்களே, அவருக்காக நாம் கேட்போம்: "இவர் இவ்வளவுதான் ஊதவேண்டும் என்று சொன்னது யார்?"